அம்மா இந்தியர் என்றால் போதும்

ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி பிரிட்டிஷ்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டனில் குடியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியப் பாஸ்போர்ட்டை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. 1992 நவம்பரில் தலைப்பிள்ளை பிறந்தது, 1994-இல் அடுத்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்; ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவை. ஆனால் இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை மூத்தது அந்நியப் பிள்ளை, இளையது பிறக்கும்போதே இந்தியக் குடிமகள். குடும்பம் என் கற்பனை. இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே கோடு கிழித்த தேதி நிஜம்: 1992 டிசம்பர் 10. அதற்கு முன்னால், வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை அப்பா வழியாக மட்டும்தான் வந்தது. அம்மா இந்தியராக இருந்தும் பலனில்லை.

திருச்சிக்காரர்களுக்கு இது எட்டாத சட்டச் செய்தி அல்ல. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளால் வளர்ந்த விமான நிலையம் நம்முடையது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று நாள் முழுக்க ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். போகிறவர்கள் சம்பாதிக்க மட்டுமா போகிறார்கள்? அங்கேயே பெண் எடுக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பேரன் பேத்தி பிறந்த சேதி வந்தால் முதலில் நட்சத்திரம் என்ன என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, “எம்பசில பதிஞ்சாச்சா?” என்பதாகத்தான் இருக்கும்.

அந்தப் பதிவுச் சான்றுதான் இந்தக் கதையின் நாயகன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியத் தூதரகம் கொடுக்கிற ஒற்றைத் தாள் அது. அதில் அம்மாவின் பெயருக்கு அப்பாவின் பெயருக்குள்ள அதே பலம் இன்று இருக்கிறது. அந்தப் பலம் வந்து, போய், மறுபடி வந்த வழி சுற்றுவழி.

தூதரகத்தில் பிள்ளையைப் பதிவதும் அதற்கு ஒரு வருடம் கெடு வைப்பதும் நாம் கண்டுபிடித்தவை அல்ல. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஏற்பாடு அது. 1914-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாம்ராஜ்யத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியாக ஒரு தலைமுறைக்குத்தான் பிரிட்டிஷ் பிரஜை உரிமை போகும். வெளிநாடுகளில் தங்கி, அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்ட பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு இது இடித்தது. 1922-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பிறந்த ஒரு வருடத்துக்குள் பிரிட்டிஷ் தூதரகத்தில் பதிந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் உரிமை உண்டு. கணக்கு முழுக்க அப்பா வழிதான். அம்மா யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வருடக் கெடு பிறகு பிரிட்டனின் 1948 சட்டத்திலும், அதே ஆண்டு இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்திலும், 1955-இல் நாம் போட்ட சட்டத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் 1955-க்கு முன்னால் நம்மிடம் வேறொன்று இருந்தது. சட்டம் படித்தவர்கள்கூட இதைச் சட்டென்று நினைவுகூர்வதில்லை என்பது என் ஆதங்கம்.

1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை குடியுரிமைப் பிரிவுகளை விவாதித்தது. பிரிவினையின் ரணம் ஆறாத நேரம். யார் இந்தியர் என்ற கேள்வி வரைவுக் குழுவுக்கு எவ்வளவு தலைவலி கொடுத்தது என்பதை அம்பேத்கர் சபையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பிரிவுகளுக்கு இருந்த அவசரம் பெரியது. மற்றப் பிரிவுகள் பெரும்பாலும் 1950 ஜனவரி 26-க்குக் காத்திருக்க, 5 முதல் 9 வரையிலான குடியுரிமைப் பிரிவுகள் 1949 நவம்பர் 26-ஆம் தேதியே உயிர்பெற்றுவிட்டன.

அவற்றில் 8-ஆம் பிரிவு கடல்தாண்டிய இந்தியர்களுக்கானது. பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் யாரேனும் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் போதும். வெளிநாட்டில் குடியிருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரிடம் மனுக் கொடுத்து இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். பெற்றோரில் ஒருவர் என்றால் அம்மாவும் சேர்த்துத்தான். தாத்தா பாட்டிகளில் யாராவது என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டியும் சேர்த்துத்தான். நாட்டுக்குள் இருந்தவர்களுக்கான 5-ஆம் பிரிவிலும் இதே மாதிரி, பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்திருந்தால் போதும் என்ற வாசல் உண்டு. குடியரசு பிறந்த அன்று அம்மா கணக்கில் இருந்தாள்.

8-ஆம் பிரிவை யார் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் திருச்சிக்கே வந்து சேருவோம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1904-இல் தோட்டத் துரைமார்கள் ஏற்படுத்திய சிலோன் லேபர் கமிஷனின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. கங்காணிகள் இந்த ஜில்லாவிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலும் ஆள் பிடித்து, தலைமன்னார் வழியாக அனுப்பினார்கள். அந்த மக்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் மலைநாட்டு லயன்களில் பிறந்தார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு, அப்பாவோ, அல்லது அப்பா வழித் தாத்தா, கொள்ளுத்தாத்தா இருவருமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. லயனில் பிரசவம் நடந்தால் பிறப்புச் சான்று ஏது? இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்தியத் தூதரகத்துக்குப் போய் 8-ஆம் பிரிவின் கீழ் பதிந்துகொண்டார்கள். இந்தியத் தூதர் கையெழுத்திட்டுக் கடல்கடந்த தமிழர் கையில் கொடுத்த முதல் குடியுரிமைத் தாள்கள் அவை. இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் பச்சைக்குழந்தைக்குக் கொடுக்கிற சான்றுக்கு அவைதாம் மூதாதை.

1955-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. கோவிந்த வல்லப பந்த் உள்துறை அமைச்சர். சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இந்தியாவுக்கு வெளியே பிறக்கிற பிள்ளையைப் பற்றியது. பிறந்த நேரத்தில் பிள்ளையின் அப்பா இந்தியக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் இந்தியர். அவ்வளவுதான். சாசனத்தில் இடம்பெற்றிருந்த அம்மா, ஆறே வருடத்தில் சட்டத்தில் காணாமல் போனாள். பிரிட்டனின் 1948 சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் காரணம் புரிந்துவிடும். வாசகங்களின் அமைப்பே அங்கிருந்து வந்தது. பிரிட்டனில் அம்மா வழியில் குடியுரிமை வர 1983 ஜனவரி ஆகவேண்டியிருந்தது. அவர்கள் பிடித்துவைத்திருந்த பழைய சட்டையை நாம் வாங்கி மாட்டிக்கொண்டோம். சாசனம் எழுதிய கைகள் அம்மாவைச் சேர்த்திருந்தபோது சட்டம் எழுதிய கைகள் அவளை விட்டதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்யாணத்திலும் இதே ஓரவஞ்சனைதான். இந்தியரைக் கட்டிக்கொண்டு வந்த வெளிநாட்டுப் பெண் குடியுரிமைக்குப் பதிவு கேட்கலாம் என்று சட்டம் வழிவிட்டது. இந்தியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. மருமகள் வரலாம், மருமகன் வரக்கூடாது. டெல்லி சுல்தானின் மகள் ரங்கநாதனைத் தேடி வந்தாள் என்று நம்பி, துலுக்க நாச்சியாருக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதி வைத்து, பெருமாளுக்கு ரொட்டி அமுதுசெய்விக்கிற ஊர் ஸ்ரீரங்கம். வேற்றூர்ச் சம்பந்தத்தை ஏற்றுக்கொள்கிற மனசு நம்மிடம் பழசு. சட்டத்துக்குத்தான் அது தாமதமாக வந்தது.

1955 சட்டத்தில் ஒரு வருடக் கெடு எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அப்பா இந்தியாவில் பிறந்தவர் என்றால் பிள்ளை எங்கே பிறந்தாலும் தானாகவே இந்தியர், எங்கேயும் பதியவேண்டாம். அப்பாவே வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் மட்டும் இந்தியரானவர் என்றால்தான் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியவேண்டும். மலேயாவில் இரண்டு தலைமுறை கண்ட குடும்பங்களைத்தான் அது அநேகமாகத் தொட்டது. கப்பலில் ஊருக்கு வந்து போகிற சபுராளிகளுக்குப் பதிவு என்ற பேச்சே தேவைப்படவில்லை.

அம்மா திரும்பி வந்தது இரண்டு தவணையாக.

முதல் தவணை 1987 ஜூலை 1. அதே வருடம் மார்ச் 25-ஆம் தேதிதான் பல நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற நம் ராஜகோபுரம் 236 அடிக்கு எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது. மூன்று மாதம் கழித்து, 1986-இல் நிறைவேறிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இந்திய மண்ணில் பிறந்தாலே இந்தியர். இனி மண் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கதவைச் சாத்திய அந்தத் திருத்தம் இன்னொரு பக்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. பெற்றோரில் ஒருவர் என்று சொன்னதால் அம்மா உள்ளே வந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளையும் மனைவி வழியாகப் பதிவு கேட்கலாம் என்று ஆனது. ஆனால் 4-ஆம் பிரிவைத் தொடவில்லை. அதனால் விசித்திரமான ஐந்து வருடங்கள் வந்தன. இந்திய அம்மாவுக்கும் வெளிநாட்டு அப்பாவுக்கும் திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை இந்தியர்; அதே தம்பதிக்குச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தால் இந்தியர் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் வழக்கம் அப்போது குடியுரிமையையும் சேர்த்துத் தீர்மானித்தது.

இரண்டாவது தவணைதான் 1992 டிசம்பர் 10. பிரதமர் நரசிம்ம ராவ், உள்துறையில் எஸ். பி. சவான். அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட வாரம் அது. நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. 4-ஆம் பிரிவில் அப்பா இருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்று மாறியதை அந்த நாள்களில் யார் கவனித்திருப்பார்கள்! பின்னணியில் உலகத்தின் நெருக்கடியும் இருந்தது. பெண்களுக்கு எதிரான எல்லாவகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1980-இல் கையெழுத்திட்டிருந்தது. பிள்ளைகளின் குடியுரிமை விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை தரவேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தைத் திருத்திய பிறகு, 1993 ஜூலையில் இந்தியா அந்த உடன்படிக்கையை உறுதிசெய்தது. அதே 1992-இல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் யூனிட்டி டோ என்ற வழக்கறிஞர், அமெரிக்கரை மணந்து பெற்ற தன் பிள்ளைகளுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அங்கே ஒரு தாய் வழக்காடி வாங்கியது, இங்கே பாராளுமன்றத்தில் சந்தடியில்லாமல் வந்தது.

சந்தடியில்லாமல் வந்ததில் ஒரு குறை. திருத்தம் முன்தேதிக்குச் செல்லாது. 1992 டிசம்பர் 9-ஆம் தேதி வரை வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அப்பா இந்தியராக இருந்தாகவேண்டும் என்ற வாசகம் சட்டப் புத்தகத்தில் இன்றும் அப்படியே அச்சாகியிருக்கிறது. அப்படிப் பிறந்தவர்களுக்கு இன்று முப்பதைத் தாண்டிய வயது. தாய்க்குச் செய்த அநீதி என்று ஒப்புக்கொண்டுதான் சட்டத்தை மாற்றினார்கள். அப்படியென்றால் அதற்கு முன்பு பெற்ற தாய்மார்களை ஏன் விடவேண்டும்? பழைய பிள்ளைகளும் விரும்பினால் பதிந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் கருவூலத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பிரிட்டன் தன் பழைய தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பதிவு வழியைப் பிற்பாடு திறந்துவிட்டது.

இனி, எல்லோரையும் தூதரக வாசலில் நிறுத்திய தேதிக்கு வருவோம்: 2004 டிசம்பர் 3. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் இந்திய அப்பாவோ அம்மாவோ இருந்தாலும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாக இந்தியர் ஆகாது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியவேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி வாங்கவேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பிள்ளையிடம் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திடவேண்டும். 1922-இல் அந்நிய தேசத்து வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காகப் போட்ட ஒரு வருடக் கெடு, எண்பது சொச்சம் வருடம் கழித்து மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் போன வெல்டர் தலையில் வந்து விழுந்தது.

சிங்கப்பூரில் பிறந்தால் சிங்கப்பூர்க் குடிமகன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அப்பா அம்மா இருவருமே அந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையென்றால், பிள்ளையின் பிறப்புச் சான்றிலேயே இது பிறப்பின்போது சிங்கப்பூர்க் குடிமகன் அல்ல என்று எழுதிவிடுவார்கள். இந்தியத் தூதரகத்திலும் பதியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லை. வளைகுடாவிலும் அப்படித்தான்.

பதிவுக்கு உட்காரும்போதுதான் கலப்புக் குடும்பத்தின் எல்லா முடிச்சுகளும் வெளியே வரும். பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்று, அந்த நாட்டுப் பிறப்புச் சான்று, படிவம் 1-இல் உறுதிமொழி, அதில் இருவர் கையெழுத்து. பெயர்தான் பெரிய முடிச்சு. திருச்சி மாப்பிள்ளைக்கு இனிஷியல்தான். குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார். மலேசிய மனைவியின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/பி என்று இருக்கும். இன்னார் மகள் என்று பொருள். மகனாக இருந்தால் ஏ/எல். குழந்தையின் பிறப்புச் சான்றிலும் அந்த ஏ/எல் ஏறிவிடும். இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை எங்கே போடுவது, விட்டுவிட்டால் பிறப்புச் சான்றோடு பொருந்துமா? பிறப்புச் சான்றில் ஒரு பெயர் எழுதி முடித்த பிறகு, ஸ்ரீரங்கத்தில் புண்யாகவாசனத்தன்று பாட்டி ரங்கநாயகி என்று காதில் ஓதியிருப்பாள். அந்தப் பெயர் எந்தத் தாளிலும் வராது. “கூப்பிடறதுக்கு ரங்கா, பாஸ்போர்ட்டுக்கு வேற” என்று குடும்பமே சமாதானமாகிவிடும். எழுத்துக்கூட்டல் ஒன்று மாறினால் மட்டும் சமாதானம் செல்லாது. அஃபிடவிட், நோட்டரி, திருத்தம் என்று மாதங்கள் ஓடும். ஒரு வருடம் ஓடுவது தெரியாது.

அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டுக் குடிமகன் என்றால் கேள்வி இன்னும் கடினம். இந்தியப் பாஸ்போர்ட்டா, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ கார்டுமா? அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அந்த மண்ணாலேயே அமெரிக்கர். அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டை விட்டுப் போகவும் திரும்பவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் காட்டவேண்டும் என்பது அவர்கள் சட்டம். இந்தியாவில் பதிவதென்றால் அந்தப் பாஸ்போர்ட் இருக்கக்கூடாது. ஆகவே அமெரிக்கப் பேரன்கள் அநேகமாக எல்லோரும் ஓசிஐ கார்டோடுதான் அம்மா மண்டபத்தில் வந்து குளிக்கிறார்கள். எல். எம். சிங்வி தலைமையிலான குழு 2002-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து முளைத்து, 2006-இல் வழங்கத் தொடங்கிய அட்டை அது. ஆயுள் முழுக்க விசா வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் 4-ஆம் தேதி அறிவிக்கைக்குப் பிறகு அட்டை பெற்ற பிள்ளைகள் நீட் எழுதினாலும் வெளிநாட்டு இந்தியர் ஒதுக்கீட்டில்தான் இடம் கேட்கமுடியும். தொட்டிலில் இருக்கும்போது அப்பா அம்மா போடுகிற கையெழுத்தின் கனம் பதினேழு வயதில்தான் தெரியவருகிறது.

திருச்சிக்காரர்கள் பெண் எடுக்கிற நாடுகளிலும் அம்மாக்கள் காத்திருந்தார்கள். சிங்கப்பூர் தன் பெண்கள் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கு 2004-இல்தான் வழிவிட்டது. இலங்கையில் 2003-இல். மலேசியாவில் கதை நீண்டது. மலேசிய ஆண் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு; மலேசியப் பெண் மனுப் போட்டு, அரசாங்கம் மனசு வைக்கும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதனால் திருச்சியில் வாழ்க்கைப்பட்ட மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரே பத்திரமான வழி, வயிற்றுப் பிள்ளையோடு விமானம் ஏறி கோலாலம்பூர் போய்ப் பெற்றுக்கொள்வதாக இருந்தது. பிந்திய மாதங்களில் டாக்டர் கடிதம் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். நான்கு மணி நேரப் பயணம். கணவன் கூடப் போக லீவு வேண்டும், பணம் வேண்டும். கொரோனாக் காலத்தில் விமானமே இல்லை. ஆறு தாய்மார்களும் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் என்ற அமைப்பும் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. 2024 அக்டோபரில் மலேசிய மக்களவை அரசியல் சாசனத்தையே திருத்தி அம்மாவைச் சேர்த்தது. அதுவும் முன்தேதிக்குச் செல்லாது. 1992-இல் நாம் செய்த அதே குறை.

இவ்வளவையும் விமானத்தில் போய்வருகிறவர்கள் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இலங்கைத் தமிழ் அகதிகளின் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. அங்கே இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு இந்தியாதான் வெளிநாடு. தமிழ்நாடு அரசு பிறப்புச் சான்று கொடுக்கும். அதை வைத்துச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால்தான் பிள்ளை இலங்கைக் குடிமகனாகும். ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய் இந்தத் தாள்களைத் தயார்செய்து கொடுத்தது. நாடு திரும்ப நினைத்தவர்களுக்கு அது பேருதவி. திரும்ப விரும்பாதவர்களுக்கு?

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டில் வாழும் பெண் ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்; பெற்றோர் யார் என்ற கேள்வியே சட்டப்படி எழக்கூடாது. இருந்தும் மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் அவர் ஓட்டுப் போட்டார். 1987 ஜூலை 1 முதல் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இல்லை. முகாமைச் சேர்ந்தவர் தமிழ்நாட்டுப் பெண்ணைக் கட்டியிருந்தால் சிக்கல் இன்னொரு விதம். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக்கூடாது. படகில் உயிர்தப்பி வந்தவரிடம் விசா எங்கே இருக்கும்? அம்மா வாக்காளர் பட்டியலில் இருக்கிறாள், ரேஷன் கார்டு வைத்திருக்கிறாள், பிள்ளைக்கு மட்டும் நாடு இல்லை. லண்டனில் பெற்ற ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு 1992-இல் கிடைத்தது, கொட்டப்பட்டில் பெற்ற திருச்சிப் பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இது என்னை உறுத்துகிறது. பிள்ளை பெற்ற இடத்தை வைத்தோ, புருஷன் வந்த வழியை வைத்தோ ஒரு தாயின் குடியுரிமையைக் குறைத்து அளக்கக்கூடாது.

8-ஆம் பிரிவு இன்றைக்கும் உதவுமா என்று கேட்டவர்களும் உண்டு. பெற்றோர் இருவரும் இந்தியர்களாகப் பிறந்து 1998-இல் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். பிள்ளை அப்போது தாயின் வயிற்றில். 1999-இல் பிறந்த அந்தப் பிள்ளை வளர்ந்து, இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. பிறக்கும்போது பெற்றோர் இந்தியர் இல்லை. தாத்தா பாட்டியைக் காட்டி 8-ஆம் பிரிவின் வழியாகவும் வரமுடியாது என்றது. லயன் வீட்டுத் தமிழனுக்கு 1949-இல் திறந்த கதவு அந்தக் காலத்தோடு முடிந்துபோனது.

வம்சாவளியால் இந்தியரானவர்களுக்கு 4-ஆம் பிரிவில் கடைசியாக ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிள்ளை வேறொரு நாட்டுக்கும் குடிமகன் என்றால், மேஜரான ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்கவேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். நோட்டீஸ் எதுவும் வராது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்து, ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்த பிள்ளைகளில் முதல் வரிசையினர் 2022 டிசம்பரில்தான் பதினெட்டைத் தொட்டார்கள். மற்றவர்கள் வருடா வருடம் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்து, கல்லூரி தேடுகிற அதே மாதங்களில் இந்த ஆறு மாதமும் ஓடும். பேரன் பேத்திக்கு எம்பசியில் பதிந்தாயிற்றா என்று கேட்ட பெரியவர்கள், பதினெட்டாவது பிறந்தநாளன்று இதையும் கேட்டுவையுங்கள்.